கருவியைப் பேணுவோர்: மலையகத் தேயிலைத் தொழிற்சாலை முதல் லினக்ஸ் வரை

1. முன்னுரை

ஒரு சமுதாயம் எத்தகைய கருவிகளைக் கையாண்டது என்ற வினாவை வரலாற்றாசிரியர் நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளனர். அக்கருவிகள் யாருடைய உடைமையாக இருந்தன என்ற வினாவை அரசியற் பொருளாதாரம் எழுப்பிற்று. இவ்விரண்டோடும் சேர்த்து எண்ணவேண்டிய மூன்றாவது வினா ஒன்று உளது. கருவி பழுதுற்றபோது அதனைத் திருத்தியவர் யாவர்? திருத்தும் அறிவு எங்கே வைக்கப்பட்டிருந்தது? புதிய சூழலுக்கேற்ப அதனை மாற்றியமைக்கும் ஆற்றல் யாரிடம் இருந்தது? இவ்வினா ஆய்வாளரின் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை.

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைத் தத்தம் தேவைக்கேற்ப அமைத்துப் பேணும் உழைப்பின் வரலாற்றை, சிறப்பாக மென்பொருட் பொதிகளைத் தொகுத்தலும் தொகுப்பு முறிந்தவற்றைத் திருத்தலுமாகிய உழைப்பின் வரலாற்றை, மலையகத் தமிழரின் நிலைநின்று நோக்க இக்கட்டுரை முற்படுகின்றது. தொழில்நுட்பக் கைந்நூல் எழுதுதல் எமது நோக்கமன்று. சட்டத்தால் யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட கருவியொன்று எந்நிலையில் ஒரு மக்கட் கூட்டத்தின் சொந்தக் கருவியாகின்றது என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். பிறர் வடிவமைத்த பொறிகளோடு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்து வந்த மக்களின் அனுபவம் இவ்வாராய்ச்சிக்குத் தக்க தொடக்கமாக அமைகின்றது.

2. ஹற்றன் பட்டறையும் பெல்பாஸ்ற் பொறிகளும்

ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது அவருக்குத் தொழிற்சாலை இருக்கவில்லை. பங்களாவின் விறாந்தையே தொழிற்சாலையாயிற்று. கொழுந்து கையால் உருட்டப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்து, தேயிலை பெருந்தோட்டப் பயிராகப் பரவியதன் பின்னரே பொறிகள் பெருமளவில் மலையேறின. கொழுந்து உலர்த்தும் சிறொக்கோ பொறிகள் சாமுவேல் டேவிட்சன் 1881இல் பெல்பாஸ்ற் நகரில் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து வந்தன. ஜாக்சனின் உருட்டும் பொறிகள் இங்கிலாந்தின் கெயின்ஸ்பறோவில் வார்க்கப்பட்டன. 1884இல் புகையிரதப் பாதை ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியமை இவ்விறக்குமதிக்குப் பெருந்துணையாயிற்று.

ஆயின் பாதை வருமுன்னரே, 1875இல், பிறவுண் கொம்பனி ஹற்றனில் ஒரு பொறியியற் பட்டறையாகத் தொடங்கப்பட்டமை கருதத்தக்கது. தோட்டங்களின் பொறிகளைப் பொருத்துதலும் பழுதுபார்த்தலுமே அத்தகைய பட்டறைகளின் பணியாகும். இவை தோன்றியமைக்கான காரணம் வெளிப்படை. கடல்கடந்து வரும் உதிரிப்பாகத்துக்காக வாடிய கொழுந்து காத்திருப்பதில்லை. மேலும், நீர்விசையால் இயங்கிய தொழிற்சாலையும் நீராவியால் இயங்கியதும் ஒன்றல்ல. உயர்நிலத்தின் குளிரும் ஈரப்பதனும் வாட்டுதலையும் உலர்த்துதலையும் இடத்துக்கிடம் வேறுபடுத்தின. பெல்பாஸ்ற்றில் ஒரே அச்சில் உருவான பொறி, தலவாக்கலையில் ஒருவாறும் மஸ்கெலியாவில் வேறொருவாறும் ஒழுங்குபடுத்தப்பட வேண்டியிருந்தது. இவ்விடம்சார் ஒழுங்குபடுத்தலையே இன்றைய கணினியியல் அமைவடிவம் என்று வழங்குகின்றது.

இவ்வறிவின் சமூகப் பரம்பலே இங்கு முக்கியமானது. வரைபடம் பிரித்தானியாவில் இருந்தது. பழுதுபார்க்கும் திறன் பட்டறையிலும் தொழிற்சாலை அதிகாரிகளிடத்தும் இருந்தது. லயத்தில் வாழ்ந்தவருக்குப் பொறியோடு இருந்த உறவு, கொழுந்தை அதனிடம் சேர்ப்பித்து அதன் வேகத்துக்கு இயைந்து உழைக்கும் உறவாகவே பெரிதும் அமைந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கொம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமையாளர் மாறிய வேளைகளிற் கருவியறிவின் பரம்பல் தானாக மாறிவிடவில்லை. உடைமையும் பேணும் ஆற்றலும் வெவ்வேறானவை என்ற இவ்வுண்மையை மனங்கொண்டு மென்பொருளின் வரலாற்றுக்கு நாம் வருவோம்.

3. திறந்த மூலமும் பொதியும்

மென்பொருளின் வரைபடம் அதன் மூலநிரலாகும். அதனை மறைத்து, இயங்கும் வடிவத்தை மட்டும் விற்கும் வழக்கம் வலுப்பெற்ற காலத்தில், றிச்சட் ஸ்ரோல்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பகிரவும் உரிமை வழங்கும் பொது உரிமம் 1989இல் வெளியாயிற்று. பின்லாந்து மாணவராகிய லினஸ் ரோவால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இரண்டும் இணைந்தபோது, வரைபடம் பூட்டப்படாத முழுமையான பணிசெயல் முறைமையொன்று முதன்முதலாகச் சாதாரண கணினியில் இயங்கலாயிற்று.

எனினும் மூலநிரல் கிடைப்பதும் கருவி கிடைப்பதும் ஒன்றல்ல. ஒரு சொற்செயலியின் மூலநிரலைப் பெறுபவர் அதனைத் தொகுப்பியின் வழியே இயங்கும் வடிவமாக்க வேண்டும். அச்சொற்செயலி எழுத்துருக்களைக் கையாளும் நிரலகத்தைச் சார்ந்து நிற்கும். அந்நிரலகம் பிறிதொன்றைச் சார்ந்து நிற்கும். இச்சார்புச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் உரிய பதிப்பில் உரிய இடத்தில் இருத்தல் வேண்டும். இவ்வேலையை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்வது இயலாதென்பதனாலேயே வழங்கல்கள் எனப்படும் அமைப்புகள் தோன்றின. ஸ்லக்வெயார், டெபியன் ஆகிய இரண்டும் 1993இல் தொடங்கின. ஃபெடோரா 2003இலும் உபுண்டு 2004இலும் வந்தன. இவற்றின் உழைப்பு பொதியை மையமாகக் கொண்டது. மூலநிரலை எங்கிருந்து பெறுவது, எவற்றைச் சார்ந்து தொகுப்பது, எந்த ஒட்டுகளை இட்டுத் திருத்துவது, எவ்விடத்தில் நிறுவுவது என்பவற்றைக் கூறும் சிறு செய்முறைக் கோப்பே பொதியின் உயிர்நாடியாகும். அதனை எழுதிப் பேணுபவர் பொதிப் பேணுநர். ஹற்றன் பட்டறையின் பொருத்துநர் வகித்த இடத்தை இவர் வகிக்கின்றார் எனலாம்.

வேறுபாடொன்றையும் நாம் மறத்தலாகாது. இரும்புப் பொறியின் வரைபடம் கிடைத்தாலும் வார்ப்பாலை வேண்டும். மென்பொருளுக்கு வார்ப்பாலையும் கணினியே. ஆதலால், பேணும் அறிவு ஓரிடத்தில் முடங்கிக் கிடப்பதற்குரிய பொருளியற் கட்டாயம் இங்கு மிகக் குறைவு. அவ்வாறிருந்தும் அது முடங்குமாயின் அதற்கான காரணத்தைச் சமூகத்திலேயே தேடவேண்டும்.

4. திரையில் ஒரு தமிழெழுத்து

இப்பேணுதலின் இன்றியமையாமையைத் தமிழ்மொழியை வைத்தே தெளிவாகக் காட்டலாம். 1991இல் வெளியான முதலாவது ஒருங்குறிப் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ‘கெ’ என்ற எழுத்தைச் சேமிக்கும்போது ஒருங்குறி ககரத்தை முன்னும் எகரக் குறியைப் பின்னும் வைக்கும். திரையிலோ எகரக் குறி இடப்பக்கம் தோன்ற வேண்டும். ‘கொ’ ஆயின் குறி இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இம்மாற்றத்தைச் செய்வது எழுத்துருவாக்க நிரலகம். அது பிழையாகத் தொகுக்கப்பட்டால், அல்லது ஒரு செயலி அதனோடு இணைக்கப்படாது விடப்பட்டால், குறி தனித்துப் புள்ளி வட்டத்தின் மேல் நிற்கும். ஆங்கிலம் மட்டும் அறிந்த பேணுநர் அப்பொதியைச் சோதிக்கும்போது யாதொரு பிழையையும் காணார். தமிழறிந்த கண் சோதிக்கும் இடத்தில் இல்லையெனில் தமிழ் முறிந்தே வெளியாகும்.

விசைப்பலகையும் இத்தகையதே. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 தரமாயிற்று. இலங்கையிலோ தட்டெழுத்து மரபிலிருந்து வந்த ரெங்கநாதன் அமைப்பே வழக்கிலிருந்தது. கணினித் தமிழுக்கான இலங்கைத் தரமாகிய எஸ்.எல்.எஸ். 1326 2008இல் வெளியாயிற்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சிடப்பட்ட ஆவணங்களோ அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோற்றும். ஆகஸ்ட் என்று தமிழ்நாடு எழுதுவதை நாம் ஓகஸ்ட் என்று எழுதுகின்றோம். இத்தகைய வேறுபாடுகளுக்கு இடந்தருவதற்கென்றே லினக்ஸின் அடிப்படை நிரலகத்தில் தமிழ்–இந்தியா, தமிழ்–இலங்கை என இரு வழக்குக் கோப்புகள் தனித்தனியே உள்ளன. எழுத்துருத் துறையில், 2004இல் றெட் ஹற் நிறுவனம் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்ட லோகித் எழுத்துருக்கள் தமிழுக்கும் பயன்பட்டன. இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எழுதி, அனுப்பி, வாதிட்டு, ஏற்கச் செய்து, பின்னர் ஒவ்வொரு பதிப்பிலும் பேணிவந்தமையின் விளைவேயாகும்.

இலங்கையில் இம்முயற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தை அணைத்து நிற்கும் ஹந்தானை மலையின் பெயரையே தாங்கியுள்ளது. 2009ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஹந்தான லினக்ஸ், ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு, கல்விசார் மென்பொருள்களையும் ஒலி ஒளிக் கோப்புகளை இயக்கும் வசதிகளையும் சேர்த்து ஒரே தட்டில் வழங்கிய மறுதொகுப்பாகும். அம்மலையிலேயே, 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை நூதனசாலையாயிற்று. பழைய பொறிகள் அங்கே காட்சிப் பொருள்களாக நிற்கின்றன. பேணப்படாத கருவிக்கு நூதனசாலையே இறுதியிடம் என்பதை மென்பொருளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஃபெடோரா ஏறத்தாழ 6 மாதத்துக்கொரு பதிப்பை வெளியிடுகின்றது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே திருத்தங்கள் கிடைக்கும். எனவே அதன்மீது எழுந்த எந்த மறுதொகுப்பும் ஆண்டுதோறும் மீளக் கட்டப்பட வேண்டும். ஒருமுறை உருவாக்கிப் பெருமைப்படுதல் எளிது. 10 ஆண்டுகள் மீளக் கட்டுதலே கடினம்.

5. பொதிகள் முறிவதேன்?

நேற்று இயங்கிய பொதி இன்று தொகுக்கப்படாமற் போவதேன் என்பது பலருக்கும் வியப்பளிக்கும் வினா. மூலநிரல் துருப்பிடிப்பதில்லை. அதனைச் சூழ்ந்துள்ளவை மாறுகின்றன. 2020இல் வெளியான குனூ தொகுப்பியின் 10ஆம் பதிப்பு, ஒரே மாறியைப் பல கோப்புகளில் வரையறுப்பதை இயல்பாக அனுமதித்து வந்த வழக்கத்தைக் கைவிட்டது. பல்லாண்டுகளாகப் பிழையின்றித் தொகுக்கப்பட்ட பொதிகள் பல அவ்வேளையில் முறிந்தன. அதே ஆண்டு ஜனவரி முதலாம் நாளுடன் பைத்தன் 2 மொழிக்கான ஆதரவு முடிவுற்றது. அதில் எழுதப்பட்டவை மாற்றி எழுதப்பட்டன, அல்லது கைவிடப்பட்டன. இங்குப் பேணுநர் செய்யும் வேலை பெரும்பாலும் சிறியது. பிழைச்செய்தியைப் படித்தல், மாற்றம் எங்கே நேர்ந்ததெனக் காணல், சில வரிகளில் ஒட்டொன்றை எழுதல், அதனை மூல ஆசிரியருக்கு அனுப்புதல் என்பனவே அது. ஆயின் அச்சிறு வேலையைச் செய்வாரின்றேல் கருவி இறந்துபடும்.

மலையகத்தின் நிலைநின்று நோக்கின், பழைய கணினிகளைக் கைவிடும் போக்கே இவற்றுள் மிகப் பாரதூரமானது. 2019இல் வெளியான ஃபெடோரா 31, 32 பிற் கணினிகளுக்கான கருவை நிறுத்திற்று. நெடுங்காலம் அவற்றை ஆதரித்த டெபியனும் 2025இல் வெளியான 13ஆம் பதிப்பில் அவற்றுக்கான நிறுவலைக் கைவிட்டது. மைக்ரோசொப்ற் விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14இல் முடித்தமையால், விண்டோஸ் 11இன் வன்பொருள் நிபந்தனைகளை நிறைவேற்றாத கணினிகள் பாதுகாப்புத் திருத்தமின்றி விடப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை லினக்ஸைத் தடையின்றித் தாங்கவல்லவை. வசதி படைத்தோர் புதிய கணினி வாங்குவர். நன்கொடையாகக் கிடைத்த பழைய கணினிகளை நம்பியிருக்கும் தோட்டப் பாடசாலைக்கு அவ்வழியில்லை. இலகுவான திரைச்சூழலைத் தெரிந்து, வேண்டாத சேவைகளை நிறுத்தி, தமிழ் உள்ளீட்டைச் சேர்த்து அமைக்கத் தெரிந்த ஒருவர் அருகிருந்தால் அக்கணினி மேலும் சில ஆண்டுகள் மாணவர்க்கு உதவும். அவ்வாறான ஒருவர் இல்லாதவிடத்து அது பூட்டிய அறையில் தூசு படிந்து கிடக்கும்.

பேணுநரின் உழைப்பு மதிக்கப்படாமையால் விளையும் தீங்கை 2024ஆம் ஆண்டின் நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று. எக்ஸ்.இசட். என்னும் கோப்புச் சுருக்கும் நிரலகம் அநேகமாக எல்லா லினக்ஸ் வழங்கல்களிலும் உளது. களைப்புற்ற தன்னார்வலர் ஒருவரே அதனைப் பெரிதும் பேணிவந்தார். உதவ வந்தவராகத் தோன்றிய ஒருவர் ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கையைப் பெற்று, இரகசிய வாயிலொன்றை அதனுள் நுழைத்தார். தீய நிரல் சோதனைக் கோப்புகளுள் மறைக்கப்பட்டது. அதனை இயக்கும் வரிகள் பொதுக் களஞ்சியத்திலன்றி, பொதியாக்கத்துக்கென வெளியிடப்பட்ட கட்டில் மட்டுமே இருந்தன. அந்திரேஸ் ஃபிறொய்ன்ட் என்னும் பொறியியலாளர் தொலைநுழைவு வழக்கத்திலும் அரைச் செக்கன் தாமதிப்பதைக் கவனித்து ஆராய்ந்தமையால் மார்ச் 29இல் அது வெளிப்பட்டது. யார் தொகுத்தாலும் ஒரே மூலநிரலிலிருந்து ஒரே விளைவு வருகின்றதா எனச் சரிபார்க்கும் மீளுருவாக்கத் தொகுப்பு முயற்சியை டெபியனைச் சார்ந்தோர் 2013 முதலே முன்னெடுத்து வந்தனர். அதன் பொருள் இந்நிகழ்ச்சியின் பின் பலருக்கும் விளங்கிற்று.

தோட்டத்தில் நிர்ணயித்த எடைக்குக் குறைவாகக் கொழுந்து கொணர்பவருக்கு அரைப்பேர் போடுவர். உலகின் கணினிகளைத் தாங்கும் பேணுநர் பலருக்கோ அந்த அரைப்பேரும் இல்லை. நிறுத்துக் காணத்தக்க விளைவு இல்லாத உழைப்பை முதலாளியம் உழைப்பாகவே எண்ணாத தன்மையை இங்கும் நாம் காண்கின்றோம்.

6. அமைவடிவத்தை எழுதிவைத்தல்

பேணும் அறிவு தனியொருவரின் தலையிலும் கையிலும் மட்டும் இருக்குமாயின் அவர் விலகும்போது அதுவும் விலகும். இதற்குத் தீர்வாக வந்ததே, கணினியின் முழு அமைவடிவத்தையும் எழுத்தாக்கி வைக்கும் முறை. ஃபெடோராவின் மறுதொகுப்பொன்றில் எப்பொதிகள் அடங்கும், எம்மொழி இயல்பாக வரும் என்பன ஒரு செய்முறைக் கோப்பிலேயே எழுதப்படும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஈல்கோ டொல்ஸ்ரா 2006இல் உட்றெக்ற் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் இதனை மேலும் முன்கொண்டு சென்றார். அதில் விளக்கப்பட்ட நிக்ஸ் முறையில் ஒவ்வொரு பொதியும் தன் சார்புகள் அனைத்தோடும் தனியே அடையாளம் பெறும். மாற்றம் பிழைத்தால் முந்திய நிலைக்கு மீளலாம். அதே கோப்பைக் கொண்டு வேறொரு கணினியை அதே வடிவில் அமைக்கலாம். ஹற்றனில் ஓர் ஆசிரியர் எழுதிய கோப்பு பசறையிலும் இறக்குவானையிலும் அதே பணியை ஆற்றும் என்பதே இதன் சமூகப் பொருள்.

எழுத்து மட்டும் போதுமா? கேரளத்தின் அனுபவம் விடை பகர்கின்றது. 2001இல் அங்கு தொடங்கப்பட்ட ஐரி அற் ஸ்கூல் திட்டம் அப்பத்தாண்டிலேயே பாடசாலைக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிற்று. பாடத்திட்டத்துக்கேற்ப மலையாள வசதிகளோடு தனக்கென ஒரு லினக்ஸை அமைத்தது. 2017இல் கைற் என்ற பெயரில் நிறுவனமாகிய பின்னரும் அதனைப் புதுப்பித்து வருகின்றது. அதன் வெற்றிக்கு உரிமக் கட்டணம் மிச்சமானமை மட்டும் காரணமன்று. ஆசிரியர்களே பயிற்றப்பட்டுப் பிற ஆசிரியரைப் பயிற்றினர். பழுது பார்க்கும் அறிவு பாடசாலைக்குள்ளேயே நிலைகொண்டது. இந்தியாவில் சீடக் நிறுவனம் டெபியனை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2011இன் பின் தமிழ்நாட்டு மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்து இடப்பட்டது. கருவியைக் கையளித்தல் ஒன்று. அதனைப் பேணும் கையை உருவாக்குதல் மற்றொன்று. பின்னதே கேரளத்தின் தனிச்சிறப்பு.

கைத்தொலைபேசியே போதுமானது, இளைஞருக்கு இத்தகைய அறிவு வேண்டுவதில்லை என்று வாதிடுவோர் உளர். நுவரெலியாவின் லயமொன்றில் ஓர் இளைஞர் கையில் வைத்திருக்கும் அன்ட்றொயிட் தொலைபேசியும் லினக்ஸ் கருவிலேயே இயங்குகின்றது என்பது உண்மையே. ஆயின் உற்பத்தியாளர் தொடக்க வாயிலைப் பூட்டிவிட்டால் அவர் அதில் எதனையும் மாற்றியமைக்க இயலாது. புதுப்பித்தல் நிறுத்தப்பட்டால் புதிய தொலைபேசி வாங்குவதே வழி. திறந்த கருவும் பூட்டிய கருவியும் ஒரே பொருளில் அடங்கியிருக்கும் இம்முரண்பாடு, உரிமத்தால் மட்டும் விடுதலை கிட்டாதென்பதற்குத் தக்க சான்றாகும்.

7. முடிவுரை

ஏட்டில் உள்ள உரிமைக்கும் கைக்கெட்டிய உரிமைக்கும் இடையிலான தூரத்தை மலையக மக்களுக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்க வழிசெய்தது. சட்டம் திருந்திய பின்னரும் காணி, வீடு, கல்வி ஆகியவற்றுக்கான போராட்டம் தொடர்கின்றது. கட்டற்ற மென்பொருளின் உரிமமும் அத்தகையதொரு சட்டமே. அது வாயிலைத் திறக்கின்றது. உள்ளே செல்வதற்கு வேண்டிய கால்களை அது தருவதில்லை.

எனவே பல்கலைக்கழகங்களும் தமிழ்ச் சங்கங்களும் ஆற்றக்கூடிய பணிகள் மூன்றென நாம் கருதுகின்றோம். முதலாவது, இலங்கைத் தமிழ் வழக்குக்கும் பழைய கணினிகளுக்கும் ஏற்ற அமைவடிவக் கோப்பொன்றைப் பொதுவில் வைத்து, புதிய பதிப்பு வெளியாகுந்தோறும் அதனை மீளக் கட்டிச் சோதித்தல். இரண்டாவது, முறிந்த பொதியைத் திருத்திய ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் தமிழில் எழுதிவைத்தல். பிழைச்செய்தியைப் படித்து விளங்கும் பயிற்சி தாய்மொழியில் கிடைக்குமிடத்தேயே அவ்வறிவு ஆங்கிலம் கற்ற சிலரின் எல்லையைத் தாண்டும். மூன்றாவது, ஹற்றன், நுவரெலியா முதலிய இடங்களின் பாடசாலைகளில் ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலருமாகப் பேணுநர் குழுக்களை அமைத்து, அவ்வுழைப்பை முறைப்படி அங்கீகரித்தல்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவை வேண்டுவதன்று. 1875இல் ஹற்றனில் எழுந்த பட்டறை தோட்ட உடைமையாளரின் தேவைக்காக எழுந்தது. லயத்து மாணவரின் தேவைக்கான பட்டறையொன்று அதே ஊரில் இனியும் எழலாம். அதற்கு வேண்டிய வரைபடங்கள் இம்முறை எவருடைய பூட்டறையிலும் இல்லை.